ரெண்டு டம்ளர் பல்லு

அடுத்தவங்க வாய்க்குள்ள கைய விட்டுப் பொழைக்கிற பொழப்பு என்னோடது. பல்லு டாக்டர்னு நெனச்சுராதீங்க. டாக்டருக்கு வாயத் தொறந்து காட்டுவாங்க, என்னையக் கண்டா மூடிக்குவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹாலிஎலைக்கு மேல, பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்துல வயசாளிங்க இல்லம் ஒண்ணு இருக்கு. அங்க ஆள் பாத்துக்கிற ஜெயா நாந்தான். முந்தி கொழுந்து கிள்ளுன கை, இப்ப பல்லு வெளக்கி விடுது. வீட்டுல ஒரு வயசானவங்கள வச்சுக்கிட்டு, ஒரு வாய் சோறு உள்ள போக அரை நாள் கெஞ்சியிருப்பீங்கல்ல, அந்தப் பாடு பட்டவங்களுக்குத்தான் இதச் சொல்றேன். மத்தவங்க சும்மா சிரிச்சிட்டுப் போவாங்க. நீங்கதான் சிரிச்சிட்டு பெருமூச்சும் விடுவீங்க.

ஒத்தப் பல்லு

எங்க லெச்சுமி அம்மாயிக்கு வாயில இருக்கிறது ஒரே ஒரு பல்லு. அதுவும் நட்ட நடுவுல, கேட்டுல நிக்கிற வாச்சர் மாதிரி. அந்த ஒண்ண வச்சுக்கிட்டே வெத்தலையும் மெல்லும், என்னையும் வையும். வந்த புதுசுல நான் பிரசும் கையுமாப் போயி, "அம்மாயி, ஆ காட்டுங்க"ன்னேன். "ஒத்தப் பல்லுக்கு எதுக்குடி இம்மாம் பெரிய பிரசு? அடுப்புக்கரி கொண்டா, வெரலு இருக்கு"ன்னுச்சு. பல்லு ஒண்ணா இருந்தாலும் நாக்கும் ஈறும் முழுசா இருக்கே, அதுல ஒட்டுன சோறு புளிச்சா புண்ணு வரும், நெஞ்சுக்குள்ள எறங்குனா காய்ச்சல் வரும்னு, இல்லத்த நடத்துற மேட்ரன் அம்மா எனக்குச் சொன்னத நான் அப்படியே ஒப்பிச்சேன். கடைசில வாயத் தொறந்துச்சு. பொறவு என்ன, காலையில மொத ஆளா வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிது, அலகைத் தொறந்த காக்காக் குஞ்சு மாதிரி.

ஒரு நாளு இல்லத்தைப் பாக்க வந்த சின்னப் பொண்ணு, நர்சு வேலைக்குப் படிக்கிற புள்ளை, நல்ல மனசோடதான் கேட்டுச்சு: "இந்த ஒண்ணு எதுக்கு பாட்டி, இதையும் எடுத்துருவமா?"

அம்மாயி அந்தப் புள்ளைய ஏற எறங்கப் பாத்துச்சு. "ஒத்தப் புள்ளை பெத்தவகிட்டப் போயி, அதையும் எங்களுக்கே குடுத்துருன்னு கேப்பியாடி நீ?"

கங்காணியாரு

எல்லாரும் மெல்ல மெல்ல எனக்கு வாயத் தொறந்தாங்க. பெருமாள் கங்காணி மட்டும் தொறக்கல.

மனுசன் அந்தக் காலத்துல தோட்டத்துல பெரட்டு எடுத்தவரு. காலையில ஆளுங்கள வரிசையா நிப்பாட்டி இவரு பேரு கூப்புட்டா, அடுத்த டிவிசன்ல நிக்கிற ஆளும் சேத்து பதில் சொல்லும்னு லெச்சுமி அம்மாயி சொல்லும். அதுவும் அவரு கூட்டத்துல கொழுந்து எடுத்த ஆளுதான். கங்காணியாரு சம்சாரம் அங்கம்மா செத்ததுக்குப் பொறவுதான் இங்க வந்தாரு. வெராந்தாவுல ஒரு நாற்காலி, அத ஒரே பக்கமாத் திருப்பிப் போட்டுக்குவாரு. எதுத்த மலையில டர்பன்டைன் மரம் வரிசையாத் தெரியும். அதுக்குக் கீழதான் அங்கம்மாவப் பொதைச்சிருக்கு. மிஸ்டு எறங்கி மலை மறைஞ்சா எந்திரிச்சு உள்ள போயிருவாரு, கலைஞ்சா திரும்பி வந்து ஒக்காருவாரு.

பேசும்போது வாய கையால பொத்திக்கிட்டுத்தான் பேசுவாரு. பல்லு செட்டு போட்டிருக்காருன்னு தெரியும், ஆனா கழட்டிக் குடுக்கச் சொன்னா முடியாது. கதவச் சாத்திக்கிட்டு தானே கழுவிக்குவாரு. "கங்காணியாரே, நான் என்ன ஒங்க பல்லக் கொண்டு போயி அடகா வைக்கப்போறேன்?"னு கேட்டுப் பாத்தேன். கைய எடுக்காமலே சொன்னாரு: "ஊரு வாயிலெல்லாம் கைய விடு புள்ள. என் வாயில விட்டா கடிச்சுருவேன்."

நடக்கிறவங்களுக்கு மட்டும்

கொஞ்ச நாளா கங்காணியாரு எளைச்சுக்கிட்டே வந்தாரு. இடுப்புல கட்டுன சாரம் நிக்காம பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக் குடுத்தேன். நாற்காலியில இருந்து எந்திரிக்க, முன்னால ஒரு கை ஊண்டினவரு இப்ப ரெண்டு கையையும் ஊண்டினாரு. எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "வயசாச்சுல்ல." அந்த ஒரு வார்த்தை இருக்கே, வயசாளிங்களுக்கு வர்ற எல்லா வியாதிக்கும் அத வச்சு மூடி போட்டுருவோம். நானும் போட்டேன்.

பொறவு ஒரு காலையில பைப்படியில விழுந்துட்டாரு. எலும்பு ஒடையல, ஆனா எந்திரிக்க முடியல. மேட்ரன் அம்மா நெத்தியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. எங்க இல்லத்துல ஒரு சட்டம் இருக்கு: தானா நடந்து சாப்பாட்டு ரூமுக்கு வர்றவங்களுக்கு மட்டுந்தான் எடம். கட்டடம் பூரா படிக்கட்டு, தூக்கி எறக்க ஆளு இல்ல. படுத்த படுக்கையானவங்கள மொனராகலைப் பக்கம் வேற ஒரு எடத்துக்கு அனுப்புவாங்க. நல்ல எடம்தான், நல்லாத்தான் பாப்பாங்க. ஆனா அது கீழ்நாட்டுல, சமவெளியில இருக்கு. ஜன்னலத் தொறந்தா கரும்புதான். "ரெண்டு மாசம் பாப்போம் ஜெயா, நடக்கலன்னா எனக்கும் வேற வழி இல்ல"ன்னு மேட்ரன் அம்மா சொன்னப்ப அவங்க கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு.

கட்டில்ல படுத்திருந்தவரு இதையெல்லாம் கேட்டுட்டாரு. நான் போர்வை போத்தப் போனப்ப வாயப் பொத்திக்கிட்டு கேட்டாரு: "அங்க போனா நான் எந்தப் பக்கம் பாத்து ஒக்காருவேன் புள்ள?"

பிஸ்கட்டு கொழுத்த கதை

எங்க இல்லத்து நாயி பேரு பிஸ்கட்டு. வந்தப்ப வெறும் எலும்பும் வாலும். அது இப்ப வயித்தத் தரையில இழுத்துக்கிட்டு திரியுது. சமையல்கார மெனிக்கே அக்காவுக்கு அதப் பாத்துப் பாத்து ஆச்சரியம். "அனே ஜெயா, நான் இவனுக்கு மீன் தலை மட்டும்தானே போடுறது. இவன் எப்படி பெரிய தொர மாதிரி ஆனான்?"

ரெண்டு பேரும் சேந்து வேவு பாத்தோம். காலையில கட்டில்லயே ரொட்டியும் தேங்காச் சம்பலும் குடுத்து முடிஞ்சதும், எந்திரிக்க முடியாம கெடந்தவரு மெல்ல எந்திரிச்சு, செவுத்தப் புடிச்சுப் புடிச்சு, பின்பக்கத்துக்குப் போறாரு. நம்ம கங்காணியாருதான். சாரத்து மடிப்ப அவுக்குறாரு, உள்ள இருந்து ரொட்டி. பிஸ்கட்டு வாலாட்டிக்கிட்டு முன்னாலயே வந்து ஒக்காந்திருக்கு, நேரம் தெரிஞ்ச மாதிரி. நான் ஓடிப்போயி ஒரு துண்டப் புடுங்கிட்டேன். ஓரத்துல கடிக்கப் பாத்த தடம் இருக்கு. அந்தத் தடத்துல ரத்தம்.

"என்ன கங்காணியாரே இது?"

"எனக்குப் பசிக்கல. அதுக்குப் பசிக்குது. ஒனக்கு என்ன?"ன்னு வெரட்டுனாரு. வெரட்டுற சத்தம்கூட காத்து போன டயரு மாதிரித்தான் வந்துச்சு.

மெனிக்கே அக்கா கரண்டியோட வந்து நின்னு, ஒரு தடவ கங்காணியாரப் பாத்துச்சு, ஒரு தடவ நாயப் பாத்துச்சு. "கங்காணி மெலியிறது வயசுனால இல்ல ஜெயா. பிஸ்கட்டுனால."

யாரோட பல்லு

மேட்ரன் அம்மா சொல்லுக்கு மட்டும் கங்காணியாரு அடங்குவாரு. அவங்க உத்தரவு போட்டு, நானும் அவரும் ஆட்டோவுல பதுளைக்குப் போனோம். பல்லு டாக்டர் ஒரு சிங்களப் பொம்பளை, எளசு, தமிழ் நல்லாவே பேசுனாங்க. நாற்காலியில சாய்ச்சதும் கங்காணியாரு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டாரு. நான் ஒரு கையப் புடிச்சேன், டாக்டர் மிஸ் இன்னொரு கையப் புடிச்சு, "தாத்தா, வலிக்கிற எடத்த மட்டும் பாக்கிறேன், வேற ஒண்ணும் செய்யல"ன்னாங்க. ரொம்ப நேரம் கழிச்சுத் தொறந்தாரு.

மேல் செட்டக் கழட்டுனதும் கூடவே சுருட்டி வச்சிருந்த துணித் துண்டு விழுந்துச்சு. ஈறு பூரா செவந்து புண்ணு. டாக்டர் மிஸ் அந்த செட்ட வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அவரு வாயப் பாத்தாங்க, மறுபடியும் செட்டப் பாத்தாங்க. "தாத்தா, இது உங்கட பல் இல்ல தானே? இது சின்ன வாய்க்குச் செஞ்சது."

கங்காணியாரு மேல லைட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு. புருசனும் பொஞ்சாதியும் ஒண்ணாத்தான் போயி பல்லு கட்டிக்கிட்டாங்களாம். லயத்து வீட்டுல சாமிப் படத்துக்குக் கீழ ரெண்டு டம்ளரு, ஒண்ணு அவருது, ஒண்ணு அங்கம்மாவோடது. அங்கம்மா செத்த அன்னைக்கு, குளுப்பாட்டி சேலை கட்டுன பொம்பளைங்க, வாய் உள்ள போயிருக்கு, சனம் பாக்கிறப்ப நல்லா இருக்காதுன்னு பல்ல எடுத்து வாயில வச்சுட்டாங்க. ஆனா பக்கத்து டம்ளர, இவரோடத, மாத்தி எடுத்துட்டாங்க. இவரு வெளிய தப்படிக்கிறவங்க பக்கத்துல நின்னவரு, உள்ள வந்து மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டாரு.

"உதடு கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. வந்தவங்கெல்லாம், அங்கம்மா சிரிச்சமாதிரியே போறான்னாங்க. அத்தன பேருக்கு முன்னால அவ வாயில இருந்து புடுங்கச் சொல்லவா முடியும்? சிரிச்சுக்கிட்டே போகட்டும்னு விட்டுட்டேன். அவளப் பொதைச்சுட்டு வீட்டுக்கு வந்தா, டம்ளர்ல அவ பல்லு. போட்டுப் பாத்தேன். கீழது ஒக்காரல. மேலது வலிச்சுச்சு. ஆனா கழட்ட மனசு வரல." பொறவு, "கங்காணி பொம்பளை பல்லப் போட்டுக்கிட்டுத் திரியிறான்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"ன்னாரு.

எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறவ நானு. அன்னைக்கு சிரிப்பு வரல. டாக்டர் மிஸ் எனக்கு வெவரமாச் சொன்னாங்க: வாய் புண்ணுனால சாப்பாடு கொறைஞ்சது, சாப்பாடு கொறைஞ்சதுனால ஒடம்புல சதை போச்சு, சதை போனதுனால கால் நிக்கல. புண்ணு ஆறணும், அவரு வாய்க்கு அளவெடுத்துப் புதுசு செய்யணும், அதுவரைக்கும் மெத்துன்னு சத்தான சாப்பாடு. கங்காணியாரு புதுசுன்னு கேட்டதும் தலைய ஆட்டுனாரு, வேணாம்னு. அப்ப டாக்டர் மிஸ் அங்கம்மா பல்ல கழுவி, ஈரப் பஞ்சுல சுத்தி, அவரு உள்ளங்கையில வச்சாங்க.

"இத வச்சுக்கங்க தாத்தா. வாயில மட்டும் வைக்காதீங்க."

பெரட்டு

பொறவு ஆரம்பிச்சது பாருங்க கூத்து. மெனிக்கே அக்கா பருப்பும் பூசணிக்காயும் முட்டையும் மசிச்சு, மீன முள்ளு இல்லாம உதுத்து, ரொட்டிய தேயிலைச் சாயத்தண்ணியில ஊற வச்சுக் குடுக்கும். கங்காணியாரு தட்டப் பாத்து, "இது தொட்டில்ல கெடக்கிற புள்ளைக்கா?"ன்னு கேப்பாரு. "ஆமா, ஆனா தொட்டில் புள்ளை இவ்வளவு வம்பு பேசாது"ன்னு நான் ஒரு கரண்டிய உள்ள தள்ளிருவேன். சாப்பிட்டதும் உப்புத்தண்ணி கொப்பளிக்கணும், மெத்துன்னு இருக்கிற பிரசால நாக்கையும் ஈறையும் தொடைக்கணும். இப்ப வாயத் தொறந்தாரு. கடிக்கல, கடிக்க ஒண்ணும் இல்லையே.

நாக்கும் உதடும் சோந்து போயிருக்கு, தெனமும் சத்தமா ப, த, கன்னு சொல்லச் சொல்லுங்கன்னும் டாக்டர் மிஸ் சொல்லி அனுப்பியிருந்தாங்க. அதுக்குத்தான் கோவம் வந்துச்சு அவருக்கு. "எனக்கு நீ அரிச்சுவடி சொல்லித் தரப்போறியா?" எனக்கே அரிச்சுவடி அரைகொறைதான், நான் எங்க சொல்லித் தர்றது? "அப்ப பெரட்டு எடுங்க"ன்னேன். மொறைச்சுப் பாத்தாரு. மறுநாக் காலையில பாத்தா கட்டில்ல இருந்து எறங்கி, கம்ப ஊண்டி, வெராந்தா தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. "பார்வதி!" உள்ள இருந்து பார்வதிப் பாட்டி, "வந்துட்டேங்க!" "தங்கவேலு!" "இருக்கேன்யா!" பல்லு இல்லாத வாயில பேரு வழுக்கிக்கிட்டுத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. வாயப் பொத்தல.

பொறவு தெனம் காலையில இதுதான். பெரட்டுக்கு லேட்டானா ஏச்சு விழும்னு எங்க ஆளுங்க மொகம் கழுவி முன்னாலயே வரிசையா வந்துருவாங்க. சத்தம் கூடக்கூட, தூணப் புடிச்சிருந்த கை கம்புக்கு மாறுச்சு. தூணுக்கும் சாப்பாட்டு ரூமுக்கும் நடுவுல எங்கனயாவது நாற்காலி போட்டு வைப்பேன், மூச்சு வாங்குனா ஒக்கார. ஒரு நாளு இல்லத்து ஆளுங்கள முடிச்சிட்டு, பழக்க தோசத்துல பழைய தோட்டத்துப் பேரெல்லாம் கூப்புட ஆரம்பிச்சுட்டாரு. அந்த ஓட்டத்துல, "அங்கம்மா!"ன்னும் வந்துருச்சு.

சொன்னவரு அடுத்த பேருக்குப் போகாம நின்னுட்டாரு. பின்னால இருந்து லெச்சுமி அம்மாயி, ஒத்தப் பல்லு தெரிய, வேலைக்காட்டுல கூவுற மாதிரியே கூவுச்சு:

"அவ விடிய முன்னமே மலைக்குப் போயிட்டா கங்காணியாரே! நீங்க அடுத்த பேரக் கூப்புடுங்க!"

புதுசு

புதுப் பல்லு வந்த அன்னைக்கு ஒருத்தரும் வேலை பாக்கல. போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. யாருகிட்டயோ எரவல் வாங்குன மொகம் மாதிரி இருந்துச்சு. பேசுனா சோறு வேகிற சட்டி மூடி மாதிரி விசிலு. "கங்காணியாரே, ரயில் டேசன்ல வேலைக்குச் சேத்துக்குவாங்க"ன்னேன், கம்பத் தூக்குனாரு. தூக்குற அளவுக்குத் தெம்பு வந்துருச்சேன்னு எனக்கு அதுல ஒரு சந்தோசம். புதுச்செருப்பு மாதிரி கடிக்கத்தான் செஞ்சுச்சு. திரும்பவும் பதுளைக்குப் போயி, டாக்டர் மிஸ் ராவிக் குடுத்து, அப்பறம்தான் ஒக்காந்துச்சு.

அந்த ரெண்டு மாசம் முடியிற அன்னைக்கு மேட்ரன் அம்மா சாப்பாட்டு ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. எதுக்கு நிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கங்காணியாரு கட்டில்ல இருந்து எந்திரிச்சாரு. ஒரு கைதான் ஊண்டுனாரு. நான் புடிக்கப் போனேன், "தள்ளிப் போ"ன்னுட்டாரு. கம்பு டக்கு டக்குன்னு வருது. நடு வழியில நான் போட்டிருந்த நாற்காலிகிட்ட நின்னு அதப் பாத்தாரு. அத ஓரமாத் தள்ளிவிட்டுட்டு வந்தாரு. வந்து, பெஞ்சில ஒக்காந்து, மெனிக்கே அக்கா வச்ச ரொட்டியப் பிச்சு சம்பல்ல தொட்டு, வாயில போட்டு மென்னாரு. மெதுவாத்தான் மென்னாரு. ரூமே அவரு தாடையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. முழுங்குனாரு. அடுத்த துண்டப் பிச்சாரு.

பின்பக்கத்துல பிஸ்கட்டு செவுத்தோரமா காத்துக்கிட்டு இருந்து இருந்து, கடைசில வந்து வாசப்படியில படுத்துருச்சு. மேட்ரன் அம்மா அதக் கண்ணாடிக்கு மேலால பாத்து, சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"நாயி பட்டினி. ஆண்டவருக்குத் தோத்திரம்."

ரெண்டு டம்ளரு

படுக்கப் போறதுக்கு முன்னால செட்டக் கழட்டித் தண்ணியில போடணும், ஈறு ஆறணும். எல்லாருக்கும் நான் சொல்றதுதான். கங்காணியாருக்கு ஒரு டம்ளரக் கொண்டு போயி குடுத்தேன். "இன்னொண்ணு கொண்டா"ன்னாரு. கொண்டாந்தேன். தலையணைக்கு அடியில இருந்து பஞ்சப் பிரிச்சு அங்கம்மா பல்ல எடுத்து அதுல போட்டாரு. ரெண்டையும் ஜன்னல் பலகையில ஒட்டி ஒட்டி வச்சாரு. தெனம் சாயந்தரம் ரெண்டுக்கும் அவரேதான் தண்ணி மாத்துறாரு. காலையில ஒண்ண எடுத்துப் போட்டுக்கிட்டு பெரட்டுக்குப் போறாரு, மத்தது அங்கனயே மலையப் பாத்துக்கிட்டு இருக்குது. நாற்காலியும் அதே எடத்துலதான், அதே பக்கம்தான். மொனராகலைப் பேச்ச இப்ப யாரும் எடுக்கிறதில்ல.

கம்ப ஊண்டாம நடக்க மாட்டாரு, அதையும் சொல்லிறேன். எளவட்டமாயிட்டாருன்னு கதை விட மாட்டேன். ஆனா பெல்ட்டுல பழைய ஓட்டைக்குத் திரும்பிட்டாரு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு நாளு டம்ளரக் கழுவுறப்ப கேட்டுட்டேன்: "கங்காணியாரே, இதக் கொண்டு போயி அங்கம்மாக்காவப் பொதைச்ச எடத்துலயே வச்சுட்டு வந்தா என்ன? அவங்க சாமான அவங்ககிட்டயே குடுத்த மாதிரி இருக்கும்ல?"

மலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. திரும்பி என்னயப் பாத்து, புதுப் பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சாரு.

"என்னோடத அவ திருப்பிக் குடுத்தாளா? அவ குடுக்கட்டும், நானும் குடுக்கிறேன்."

அதனால, வீட்டுல வயசானவங்கள வச்சுக்கிட்டு என்னைய மாதிரி லோல்படுறவங்களே, அவங்க சாப்பிடலன்னா வயசத் திட்டிக்கிட்டு நிக்காம வாயக் கொஞ்சம் தொறந்து பாருங்க, உள்ள யாரு பல்லு குடியிருக்குன்னு யாரு கண்டா!